ஸ்விட்ச் தாங்காது

"ஸ்விட்ச் தாங்காதுன்னு எழுதிக் கொடுத்திருக்கீங்க. பொய்தானே?"

ஸ்கேன் மையத்துக்குப் புதிதாக வந்திருந்த மேலாளர் கேட்டார்.

"ஆமா சார்" என்றாள் நெட்வொர்க் பொறியாளர். குரலில் வெட்கமில்லை.

ஒரு ஸ்கேன் படம் டாக்டரின் திரைக்குப் போய்ச் சேர நான்கு நிமிடம் ஆகிறது. பொட்டலம் பொட்டலமாகச் செல்லும் தகவலை ஆறு மடங்கு பெரிய பொட்டலங்களாக, அதாவது ஜம்போ ஃப்ரேமாக, அனுப்பினால் நேரம் குறையும். அப்படி மாற்றச் சொல்லித் தலைமை அலுவலகம் மூன்று முறை கேட்டுவிட்டது. கணினிகளை இணைக்கும் பெட்டியான ஸ்விட்ச் அதைத் தாங்கும் என்று அதன் கையேட்டிலேயே கொட்டை எழுத்தில் இருந்தது.

"சோம்பேறித்தனத்துக்கும் ஒரு அளவு வேணாமா? நானே மாத்தறேன். நாளைக்கு உங்க வேலையைப் பத்தி மேலிடத்துக்கு எழுதப்போறேன். வீட்டுல சொல்லி வெச்சுக்கோங்க."

மாற்றினார். நான்கு நிமிடம் இரண்டரை ஆனது. டாக்டர் ஒருவர் அறைக்கே வந்து கைகுலுக்கிவிட்டுப் போனார்.

அவர் பின்னாலேயே தட்டச்சர் வந்தார். விபத்தொன்றில் வலது கையை இழந்தவர்.

"சார், நோயாளி பேரு வருது. ரிப்போர்ட்டைத் திறந்தா அப்படியே நிக்குது. காலையில நல்லாத்தான் இருந்துச்சு."

மேலாளர் போய்ப் பார்த்தார். இடக்கைக்கென்றே செய்த விசைப்பலகை, காலால் அழுத்தும் பெடல், அவை இரண்டோடும் மட்டுமே ஒத்துப்போகும் ஒரு பழைய கணினி. சின்னப் பொட்டலத்தை அது வாங்கிக்கொண்டது. பெரியது வந்தால் சத்தமில்லாமல் தொலைத்தது.

வெளியே வந்ததும் பொறியாளரைக் கேட்டார். "இதைச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா, தாங்காத மெஷின் லிஸ்ட் கேப்பாங்க சார். பக்கத்துலயே அதுல வேலை பாக்கறவங்க பேரும் எழுதணும். முன்னாடி நான் இருந்த கிளையில எழுதினேன். மூணு மெஷின். மெஷினை மாத்துவாங்கன்னு நெனச்சேன். ஆளை மாத்திட்டாங்க."

"மூணு பேரையுமா?"

"மூணு பேரையும். லிஸ்ட் போட்டதுக்கு எனக்குப் பதவி உயர்வு."

மேலாளர் அறைக்குத் திரும்பி, மாற்றியதையெல்லாம் பழையபடி வைத்தார். சற்று நேரத்தில் அடுத்த அறையில் தட்டச்சரின் பெடல் 'டக் டக்'கென்று ஓடத் தொடங்கியது.

தலைமை அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது.

"என்னங்க ஆச்சு? அந்தம்மா சொன்னது பொய்தானே?"

"நானே மாத்திப் பாத்துட்டேன் சார்" என்றார் மேலாளர். "ஸ்விட்ச் தாங்காது."