ஆரம்ப நிலை வகுப்பு

“பன்னிரண்டு நாள் வெளிநாட்டு கோர்ஸ். டிக்கெட், ஓட்டல், சர்டிபிகேட் எல்லாம் ஆபீஸ் செலவு. நம்ம டாக்டரம்மா அதை வேண்டாம்னு சொல்லிட்டு, பக்கத்து ஊர்ல அஞ்சு நாள் ஆரம்ப நிலை வகுப்பைக் கேட்கிறாங்கன்னா என்ன சார் அர்த்தம்?”

இயக்குநரின் மேஜைமேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு கேட்டார் வானொலி. ஆய்வகத்தில் எது நடந்தாலும் முதலில் ஒலிபரப்புகிறவர் என்பதால் அந்தப் பெயர்.

“நீங்களே சொல்லுங்க.”

“பயம் சார். வெளிநாட்டுல கடைசி நாள் பரீட்சை இருக்கு. பெயிலாயிட்டா மானம் கப்பலேறிடுமே.”

இயக்குநருக்கும் அப்படித்தான் பட்டது. ஆளும் லேசுப்பட்ட ஆளா? செத்துப்போன கம்ப்யூட்டரிலிருந்துகூட அழித்த ஃபைல்களைத் தோண்டியெடுத்து, யார் எப்போது என்ன செய்தார்கள் என்று கோர்ட்டுக்கு எழுதிக் கொடுப்பவர். எல்லாரும் அவரை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் அந்தக் கைராசியெல்லாம் விண்டோஸோடு சரி. இப்போது வழக்குக்கு வழக்கு ஆப்பிள் கம்பெனியின் மேக் கம்ப்யூட்டர்களாக வந்து இறங்குகின்றன. அதைப் படித்துவர ஒருவரை அனுப்பலாமென்றால், இந்த அம்மா இப்படி அடம்பிடிக்கிறாரே.

கூப்பிட்டு அனுப்பினார். டாக்டர் ஒரு பழைய கோப்போடு வந்தார். வானொலி வெளியே போகிற மாதிரி போய்க் கதவோரம் நின்றுகொண்டார். செய்தி சேகரிக்க வேண்டாமா?

“உட்காருங்க. ஏன் இந்தப் பிடிவாதம்? சுவர்ல மாட்ட ஒரு நல்ல சர்டிபிகேட் இருந்தா நாலு பேர் தேடி வருவாங்க இல்லையா?”

“அங்க சாப்ட்வேர் ஓட்டத்தான் சொல்லித் தராங்க சார். பட்டனை அழுத்தினா ரிப்போர்ட் வந்து விழும். இந்த அஞ்சு நாள் வகுப்புல ஒவ்வொரு ஃபைலோட தேதியையும் கையால தேடி, அதை எழுதினது மனுஷனா, மெஷினான்னு கண்டுபிடிக்க வைக்கிறாங்க.”

“அது புதுசா வர்ற பசங்களுக்கு.”

“மேக்ல நானும் புதுசுதான் சார்.”

இயக்குநருக்குச் சுருக்கென்றது. தெரியாது என்ற வார்த்தையை இந்த ஆய்வகத்தில் யாரும் அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுவதில்லை.

“இன்னொண்ணும் இருக்கு. வெளிநாட்டு கோர்ஸ் மூணு மாசம் கழிச்சு. இது திங்கட்கிழமையே ஆரம்பிக்குது. இந்தக் கேஸ் அடுத்த மாசம் தீர்ப்புக்கு வருது.”

டாக்டர் கோப்பைத் திறந்து வைத்தார். பார்த்ததுமே இயக்குநருக்கு ஞாபகம் வந்துவிட்டது. வேலை பார்த்த கம்பெனியின் டிசைன்களைத் திருடி வெளியே விற்றதாக ஒரு டிராஃப்ட்ஸ்மேன் மேல் வழக்கு. அவருடைய வீட்டு மேக்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவரே அந்த டிசைன்களைக் காப்பி செய்தார் என்று ஆய்வகம் கொடுத்த ரிப்போர்ட்தான் முக்கிய சாட்சி.

“ரிப்போர்ட் கொடுத்து ஒரு வருஷம் ஆச்சே. அதை எதுக்கு இப்பக் கிளறணும்?”

“போன வாரம் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன் சார். மெஷின்கிட்ட நின்னவர், இந்தக் கோப்புல போட்டோ இருக்கே, இவர்தான். வேலை போச்சு, வேற யாரும் சேர்த்துக்கல. கையெல்லாம் மை. ‘பதினோராம் பக்கம் மங்கலா விழுந்திருக்கு மேடம், வேற எடுத்துத் தரேன்’னாரு. நான் யாருன்னு அவருக்குத் தெரியாது.”

“பாவம்தான். அதுக்காக...”

“பாவம் பார்த்துச் சொல்லல சார். நல்லவரா தெரியறதெல்லாம் ஒரு சாட்சியா? ஆனா மனசு கேக்காம அன்னிக்கே உட்கார்ந்து படிச்சேன். அவர் ஆபீஸ்ல சேமிச்ச ஃபைல், ரெண்டு மெஷினும் ஒரே அக்கவுண்ட்ல இருந்தா, இன்டர்நெட் வழியா வீட்டு மேக்ல தானாவே வந்து இறங்குமாம். அவர் கை வைக்கவே வேண்டாம். நாம பார்த்த தேதி அது இறங்கின தேதியா, இவர் காப்பி பண்ணின தேதியா? தெரியல. விண்டோஸ் பழக்கத்துல பார்த்து, இவர் பண்ணினதுதான்னு எழுதியாச்சு.”

இயக்குநருக்குக் கோபம் தலைக்கேறியது.

“எழுதியாச்சா? தெரியாத மெஷின்ல கை வெச்சு ஒரு குடும்பத்துச் சோத்துல மண்ணைப் போட்டிருக்கு. யார் எழுதினது இது? அந்த ஆள் இனி ஒரு நாள் இங்க இருக்கக் கூடாது.”

“நான்தான் சார்.”

கதவோரம் நின்ற வானொலி பிளந்த வாயை மூடிக்கொண்டு தன் இடத்துக்குப் போய்விட்டார்.

“ராஜினாமாவும் எழுதி வெச்சிருக்கேன். அதுக்கு முன்னால இதை ஒழுங்காப் படிச்சு, அந்த மேக்கைத் திரும்பப் பார்த்து, தப்புன்னா தப்புன்னு நானே கோர்ட்ல சொல்லணும். இந்த அஞ்சு நாள் மட்டும் கொடுங்க.”

இயக்குநர் ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். ‘ஆய்வு செய்தவர்’ என்ற இடத்தில் டாக்டரின் கையெழுத்து. அதற்குக் கீழே, ‘முழுவதும் படித்துச் சரிபார்த்தவர்’ என்ற இடத்தில், பச்சை மையில், இயக்குநரின் சொந்தக் கையெழுத்து.

படித்த ஞாபகமே அவருக்கு இல்லை. படித்திருந்தாலும் என்ன புரிந்திருக்கும்? மேக்கை எந்தப் பக்கம் திறப்பது என்றுகூட அவருக்குத் தெரியாது. வெட்கமாக இருந்தது.

இவ்வளவு பேசியும் அந்த அம்மா அந்தப் பச்சைக் கையெழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“ராஜினாமாவைக் கிழிச்சுப் போடுங்க,” என்றார் குரல் இறங்கி. “ரிப்போர்ட்டை மறுபடி பார்க்கிறோம்னு கோர்ட்டுக்கு இன்னிக்கே கடிதம் அனுப்பிடலாம். அப்புறம்... அந்த ஆரம்ப நிலை வகுப்புல இன்னொரு இடம் கிடைக்குமா?”

“ரெண்டு இடம் சொல்லி வெச்சிருக்கேன் சார்.”