வடக்குச் சுவர்

புற்றின் வடக்குச் சுவர் இடிந்து கிடந்தது. மழைக்கு முன் கட்டியாக வேண்டும். வேலையைத் திட்டம் போட்டு நடத்த ஒரு மேஸ்திரி வேண்டும், அவரிடம் சான்றிதழ் இருக்க வேண்டும் என்று பாம்பு சொல்லிவிட்டது. குடிவரப் போவது அதுதான்.

அண்ணன் கரையானுக்கு மேஸ்திரி ஆக ஆசை. ஆந்தையிடம் படித்தால் மதிப்பு அதிகம். ஆனால் பரீட்சை கடினம், அடிக்கடி புதுப்பிக்கவும் வேண்டும். ஓணானிடம் இரண்டே நாள் வகுப்பு. ஆனால் அந்தச் சான்றிதழ் ஊரில் எல்லோரிடமும் இருக்கிறது. யோசித்து யோசித்து, கடைசியில் அண்ணன் இரண்டையுமே வாங்கி வந்தது. அதுவரை தம்பி கரையான் மண் சுமந்துகொண்டிருந்தது. மண் பிடிக்காமல் சரிந்துகொண்டே இருந்தது.

"பாம்பு வந்தா எதைக் காட்டலாம் தம்பி?"

"ரெண்டையும் வச்சிட்டுப் போங்கண்ணே. பாத்துச் சொல்றேன்."

மறுநாள் காலையில் அண்ணன் வந்தது. "எதுடா நல்லா இருக்கு?"

"ஆந்தையோடதுதான் அண்ணே. கெட்டி அட்டை. மென்னு மண்ணோட குழைச்சா நல்லாப் பிடிக்குது. ஓணானோடது ஒரு வாய்க்குக்கூடக் காணல."

அண்ணன் வாய் திறப்பதற்குள் பாம்பு வந்துவிட்டது. வடக்குச் சுவரைத் தலையால் முட்டிப் பார்த்தது. சுவர் அசையவில்லை.

"நல்ல வேலை. மேஸ்திரி யாரு?"

"எங்க அண்ணன்தாங்க" என்றது தம்பி.

"சான்றிதழ் எங்கே?"

"இப்ப முட்டிப் பாத்தீங்களே, அதுதாங்க."