மாச்சாக்கில் கறுப்புக் கட்டங்கள்

“இன்னொருக்கா அடி மனே. இது என்ட புள்ள தச்சதுதான்.”

கேதீஸ்வரி அந்தக் கோதுமை மாச்சாக்குத் துண்டைக் கம்ப்யூட்டர் திரைக்குப் பக்கத்தில் விரித்துப் பிடித்தாள். இரண்டு உள்ளங்கை அகலம்தான் இருக்கும். அதில் கறுப்பு நூலால் சின்னச் சின்னக் கட்டங்கள் நிரப்பித் தைக்கப்பட்டிருந்தன.

கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தும் ஆர்த்திகா மூன்றாம் முறையாக ‘நிலோஜன்’ என்று அடித்தாள். திரையில் கட்டங்கள் ஒவ்வொன்றாக விழுந்து அடுக்காகின. துணியில் முதல் வரிசையில் மூன்று கட்டம், திரையில் ஐந்து.

“ஒரு சொல்லுக்கு ஒரு படந்தான் வரும் மாமி. நூறுதரம் அடிச்சாலும் மாறாது.”

துண்டைக் கொண்டுவந்தவர் தடுப்பு முகாமிலிருந்து விடுதலையானவர். காலையில் கல்லடிக்கு வந்து, இந்தக் கம்ப்யூட்டர் வகுப்பின் வாசலிலேயே நின்றார். “உள்ளுக்கு இருக்கிற தம்பி ஒராள் தந்தவர். பேர் சொல்லப் பயம். இஞ்ச குடுத்தா வெளங்கும் எண்டவர்” என்றவர், தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். யுத்தம் முடிந்து நாலு மாதம்தான், அவரைக் குறை சொல்ல முடியாது.

ஆர்த்திகாவுக்கு விளங்கத்தான் செய்தது. சுனாமிக்குப் பிறகு ஒரு தொண்டு நிறுவனம் கல்லடிப் பெண்களுக்குப் பின்னல் ஊசியும் கம்பளி நூலும் கொடுத்தது. மட்டக்களப்பு வெயிலுக்குக் கம்பளி! எந்தப் புண்ணியவான் யோசித்தானோ. நூலோடு வந்த கட்டம் போட்ட மாதிரித் தாள்களைப் பார்த்து, “இது நம்மட வீடியோ கேம் பொம்மை மாதிரியெல்லோ இருக்கு” என்று துள்ளினார்கள் இரண்டு பேர். கேதீஸ்வரியின் மகன் நிலோஜனும், அவன் கூட்டாளி காத்தான்குடி நஸீரும்.

இந்த வகுப்பிலேயே உட்கார்ந்து ஒரு புரோகிராம் எழுதினார்கள். பேரோ ஊரோ சோறோ, எந்தச் சொல்லை அடித்தாலும் கம்ப்யூட்டர் அதற்கென்று ஒரு கட்டக் கோலம் போடும். பாடத்தை மனப்பாடம் பண்ணாத இரண்டும் அந்தக் கோலங்களைப் பார்க்காமலே கொப்பியில் வரைந்து போட்டி போடும்.

மறு வருடம் வாகரைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கம்ப்யூட்டர் பொருத்திக் கொடுக்க, ஒரே மோட்டார் சைக்கிளில் போனார்கள். இருவரும் திரும்பவில்லை.

கணவனையும் வீட்டையும் கடல் கொண்டுபோன பிறகு கேதீஸ்வரிக்கு மிச்சம் நிலோஜன் ஒருவன்தான். போகாத முகாமில்லை, கொடுக்காத மனுவில்லை. துண்டு அவன் தைத்தது என்றால் அவன் உயிரோடு இருக்கிறான். இல்லையென்றால் அவள் போய்த் தட்ட இனி ஒரு கதவும் இல்லை.

அவள் தோளைத் தடவிக்கொண்டு நின்றாள் நஸீரின் உம்மா ஸஹீதா. சேதி கேட்டு ஓட்டோ பிடித்து ஓடிவந்தவள்.

“நஸீர் எண்டும் ஒருக்கா அடிச்சிப் பாக்கட்டா?” என்று தயங்கிக் கேட்டாள் ஆர்த்திகா. அடித்தாள். அதுவும் பொருந்தவில்லை.

“நான் சொல்லல்லயா? முஸ்லிம் புள்ளய என்னத்துக்கு இத்தின வருசம் புடிச்சி வெக்கப் போறாங்க? என்ட புள்ள மௌத்தாப் பெய்த்தான், செத்தவங்களுக்கு ஓதுற கத்தமும் ஓதிட்டம். இது நிலோஜன்தான் அக்கா. பேரக் காட்டப் பயந்திருப்பான். வேற சொல்லு அடிக்கச் சொல்லுங்க.”

கல்லடி என்று அடித்தார்கள். கேதீஸ்வரி என்று அடித்தார்கள். செத்துப்போன தகப்பன் தங்கராசாவின் பெயரையும் விடவில்லை. ஒன்றும் சரிவரவில்லை.

“‘அம்மா’ எண்டு அடி மனே” என்றாள் கேதீஸ்வரி. இதை முதலே அடித்திருக்க வேண்டும் என்று மூன்று பேருக்கும் பட்டது.

முதல் வரிசையில் மூன்று கட்டம் விழுந்தது. “யா அல்லாஹ்!” என்றாள் ஸஹீதா. இரண்டாம் வரிசை பொருந்தாமல் போனது.

கேதீஸ்வரி கதிரையில் அப்படியே சரிந்தாள். அழக்கூட வரவில்லை. துண்டைப் பார்த்தாள், ஸஹீதாவைப் பார்த்தாள், மறுபடி துண்டைப் பார்த்தாள். பேசாமல் எழும்பிப் போயிருந்தால் அந்தத் துண்டு இன்னும் அவளுடையதாகவே இருந்திருக்கும். ஆனால் அவள் ஆர்த்திகாவின் காதருகே குனிந்து ஒரு சொல்லைச் சொன்னாள்.

ஆர்த்திகா நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாக அடித்தாள்.

முதல் வரிசை மூன்று. இரண்டாவது பொருந்தியது. மூன்றாவதும் பொருந்தியது. கடைசிக் கட்டம்வரை தையலும் திரையும் ஒன்றாகவே வந்தன.

கண்ணாடியை வீட்டில் விட்டுவந்த ஸஹீதாவுக்கு எழுத்துத் தெரியவில்லை, கட்டங்கள் தெரிந்தன. கேதீஸ்வரியைக் கட்டிப்பிடித்துக் குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

“அல்ஹம்துலில்லாஹ்! நான் சொன்னேனே அக்கா, ஒங்கட புள்ள இரிக்கான்! என்ன சொல்லு அடிச்சீங்க?”

காலையிலிருந்து கையைவிட்டு இறக்காத துண்டை கேதீஸ்வரி இரண்டாக மடித்தாள். அதை ஸஹீதாவின் கையில் வைத்தாள்.

“‘உம்மா’ எண்டு.”