சிமெண்டு அம்மன்

ஆபீஸ் சுற்றுலாவுக்கு அம்மாவையும் கூட்டிவந்திருந்தாள் பூவரசி. பூங்காவில் பழைய கிரேக்கக் கோயில் ஒன்றை அப்படியே கட்டிவைத்திருந்தார்கள். அம்மா ராக்காயி படியிலேயே செருப்பைக் கழற்றினாள்.

"நாம உள்ள போலாமா பாப்பா?"

ஊர்க் கோயிலில் அவர்களைத் தேரடியோடு நிறுத்திவிடுவார்கள்.

"இங்க எவன் கேக்கப்போறான், போம்மா."

உள்ளே ஈட்டி பிடித்த வெள்ளை அம்மன் நின்றாள். ராக்காயி அந்தப் பாதத்தை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு கண்ணை மூடினாள். கூட வேலை பார்ப்பவர்கள் சிரித்தார்கள். அவர்களை விட்டுவிட்டு அம்மாவிடம் எரிந்து விழுந்தாள் பூவரசி.

"சாமி இல்லம்மா, சிமெண்டு. கைய எடு."

ராக்காயி வெடுக்கென்று கையை எடுத்தாள். வெளியே போய், தூண்களைத் தாண்டி வெயிலில் நின்றாள்.

"நிழலுக்கு வாம்மா," பூவரசி கெஞ்சினாள்.

"நீ பாத்துட்டு வா. எனக்கு நின்னு பழக்கந்தான."

உள்ளங்கையில் ஒட்டியிருந்த சிலையின் வெள்ளைச் சுண்ணாம்பை அம்மா இன்னும் தட்டிவிடவில்லை.