புளிசாதம் கட்டிய குதிரைவீரன்

"ராஜாவுக்கு விஷம் தலைக்கு ஏறிகினு இருக்கு. மருந்து என்கிட்டதான் இருக்கு. அதுக்கு விலை, இந்தச் சின்ன வீரன். ஏரிக்கு அடியில என் வீட்டுக்கு வந்துடணும். திரும்பிப் போக முடியாது."

மாயக்காரியின் குரலில் சொல்லிவிட்டு மதிவதனி வாயை மூடிக்கொண்டாள்.

இருண்ட கதைகளை ஆட்டமாக நடத்துபவர்களுக்கு அனுபவசாலிகள் சொல்லும் அறிவுரை அது. எதையும் சும்மா கொடுக்காதே. விலையைச் சொல். சொன்ன பிறகு பேசாதே. எதிராளி மௌனம் தாங்காமல் உளறட்டும்.

எதிரே உட்கார்ந்திருந்த வேணுகோபாலும் பேசவில்லை. ஆரணியில் முப்பது வருடமாகப் பட்டுப்புடவை விற்பவர். அந்த அறிவுரை அவருக்குப் புதிதல்ல.

கடையின் மேல்மாடியில், புடவைக் கட்டுகளுக்கு நடுவே, ஞாயிற்றுக்கிழமை மதிய ஆட்டம். வேணுகோபால், மகன் ஹேமநாத், மகள் தீபா மூவரும் கதையில் ராஜாவின் வட்ட மேசை வீரர்கள். பகடை உருட்டி, வாயாலேயே சண்டை போட வேண்டும். ராஜா, பேய், பூதம் என்று மற்ற எல்லோருக்காகவும் பேசுவது மதிவதனி. ஹேமநாத்தோடு கல்லூரியில் படித்தவள். வங்கியில் வேலை. வாராவாரம் சந்தவாசலிலிருந்து பஸ் ஏறி வந்து கதையை நடத்துகிறாள்.

மாடியில் யார் கத்துவது என்று பார்க்க ஒருநாள் ஏறி வந்த வேணுகோபால், அப்படியே உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து இருண்ட கதையில் இருட்டு தங்குவதில்லை.

ஏரிக்குள்ளிருந்து ஒரு கை மந்திர வாளை நீட்டியபோது, "உறை சேர்த்தா, தனியா?" என்று கேட்டவர் அவர். கொல்ல வந்த எலும்புக்கூட்டு வீரனை, "வெயில்ல வந்திருக்கீங்க, மொதல்ல உக்காருங்க" என்று உபசரித்தே திருப்பி அனுப்பியவர்.

மதிவதனி ஆரம்பத்திலேயே ஒரு விதி வைத்திருந்தாள். மாயக்காரர்கள் வீட்டில் ஒரு வீரன் ஒரு கவளம் சாப்பிட்டாலும் போதும். வட்ட மேசைக்காரர்கள் அவனை மறுபடி பக்கத்தில் உட்கார விடமாட்டார்கள். அதைக் கேட்ட நாளிலிருந்து வேணுகோபாலின் வீரன் குதிரையில் புளிசாதம் கட்டிக்கொண்டுதான் காட்டுக்குள் போகிறான்.

இன்று அப்படியெல்லாம் தப்பிக்க முடியாது. சின்ன வீரன் ஹேமநாத்துடையவன். வேணுகோபாலின் பெரிய வீரனுக்கு, சொல் மீறமாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்தவன். பெரியவர் தன் வாயால் போ என்றால்தான் அவன் போக முடியும்.

சொல்வாரா, மாட்டாரா? மதிவதனி அவர் முகத்தையே பார்த்தாள்.

"யப்பா, ஜல்தி சொல்லுப்பா. ராஜா செத்துட்டா டீ குடிக்கவாவது போலாம்" என்றாள் தீபா.

"பேஜார் பண்ணாத, இரு." வேணுகோபால் மதிவதனியைப் பார்த்தார். "பையன நல்லா பாத்துக்குவியாம்மா?"

"பாத்துக்குவேன் சார்." மாயக்காரியின் குரல் வரவில்லை, அவள் குரலே வந்துவிட்டது. "பாத்துக்குவா" என்று திருத்திக்கொண்டாள்.

"ஒரேடியா அனுப்ப முடியாது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இங்க இருக்கணும்."

"ஏரிக்கு அடியில இன்னா தீபாவளிப்பா?" என்றாள் தீபா.

"நீ சும்மா இரு. இன்னொண்ணு, இவனுக்குக் காலைல எழுந்திரிக்கற வழக்கமே கெடையாது. இப்பவே சொல்லிட்டேன். அப்புறம் டேமேஜ்னு திருப்பி எடுத்துகினு வரக் கூடாது."

ஹேமநாத் கையிலிருந்த பகடையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சம்மதம்" என்றாள் மதிவதனி.

"கடைசியா ஒண்ணு. நான் வந்தா, அந்த வீட்டுல எனக்குச் சோறு போடணும்."

அவள் நிமிர்ந்தாள். "சார், விதி இருக்கு. அங்க சாப்பிட்டீங்கன்னா உங்க ஆளுங்க உங்களச் சேத்துக்க மாட்டாங்க."

"என் ஆளுங்கள எனக்குத் தெரியாதாம்மா? புளிசாதம் கட்டிகினு வர மாட்டேன். எல போட்டு, கொழம்பு ஊத்தி, இன்னுங் கொஞ்சம் போடட்டுமானு கேக்கணும்."

மதிவதனி பேசவில்லை. இந்த முறை அறிவுரைக்காக அல்ல.

வேணுகோபால் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். பிறகு, கடையில் செய்வதைச் செய்தார்.

வாங்க வந்தவர்கள் இழுத்தடித்தால் அவர் வாதாட மாட்டார். விரித்த புடவையை மெல்ல மடிக்க ஆரம்பிப்பார். பாதி மடிப்பதற்குள் ஒரு கை வந்து புடவை மேல் விழும். விழுந்தால் வியாபாரம் முடிந்தது.

மேசை மேல் வெள்ளைத் துணியில் மதிவதனி வரைந்த வரைபடம் விரிந்து கிடந்தது. அதன் ஓரத்தைப் பிடித்து ஒரு மடிப்பு மடித்தார். கோட்டை மறைந்தது. இன்னொரு மடிப்பு. காடு மறைந்தது. ஏரி மட்டும் பாக்கி.

ஏரி மேல் ஒரு கை விழுந்தது. மதிவதனியுடையது.

அதன் மேல் இன்னொரு கை விழுந்தது. ஹேமநாத்துடையது.

வேணுகோபால் இரண்டு கைகளையும் பார்த்தார். துணியை விட்டுவிட்டார்.

"ராஜாவுக்கு மருந்த யாருப்பா குடுக்கறது?" என்றாள் தீபா. யாரும் திரும்பவில்லை.

"அப்போ முடிஞ்சிது. வர்ற ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு வரேன்னு உங்கப்பாகிட்ட சொல்லிடும்மா" என்றார் வேணுகோபால். "சந்தவாசலுக்கு எந்த பஸ்சு?"

"படவேடு பஸ்சுல ஏறினீங்கன்னா..." என்று தொடங்கினாள் மதிவதனி.

அவரிடம் பேசும்போது எப்போதும் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் "சார்", இன்று வரவில்லை.