வரவில்லை

கள்ளக்குறிச்சியில் வீட்டிலிருந்தபடியே பெண்களுக்கு இணையத்தில் மார்க்க ஒழுக்கம் கற்பிக்கும் ஜைபுன்னிசா, அலுப்போடு நேற்றைய வகுப்பின் வருகைப் பதிவை நிர்வாகத்துக்கு அனுப்பப் போனபோது, மூங்கில்துறைப்பட்டிலிருந்து மாணவி நஸ்ரீன் அழைத்தாள்.

“டீச்சர், நேத்து கிளாசுக்கு எனக்கு ஆப்சென்ட் போட்டுடுங்க.”

“ஒரு மணி நேரமும் உன் பேரு லிஸ்ட்ல இருக்குதேம்மா?”

“கேமராவ ஆஃப் பண்ணிட்டுத் தூங்கிட்டேங்க. கரும்பு வெட்டிட்டு வந்த அசதி. அமானிதத்த, நம்மள நம்பி ஒப்படைச்சதக் காப்பாத்தணும்னு பாடம். அதுலயே பொய்யா வருகை வாங்கிக்கினா மனசு ஒப்பலீங்க.”

“இத யாரும்மா பாக்கப்போறாங்க?”

“அல்லா பாத்துக்கினுதான இருக்கான்!”

ஜைபுன்னிசா நஸ்ரீனின் பெயருக்கு எதிரே ‘வரவில்லை’ என்று குறித்தாள். பிறகு, மேலே ஆசிரியர் பெயருக்கு எதிரேயும் அதையே குறித்து அனுப்பினாள்.

நேற்று அவளும் போன வருட வகுப்பின் வீடியோவை ஓடவிட்டுவிட்டுத் தூங்கித்தான் போயிருந்தாள்.