கதவோரம்

ஒஹாயோவின் அக்டோபர் வெயில் கராஜ் வாசலோடு நின்றுவிடுகிறது. உள்ளே, அறுபத்தொன்பதாம் வருஷத்துக் கார் கதவு திறந்தபடி நிற்கிறது. புது எஞ்சின் ஏறிவிட்டது. புது பிரேக்கும் பூட்டியாயிற்று. முன்பக்கத்தில் ஒரு கதவிலிருந்து மறு கதவு வரை ஒரே நீளமாக இருந்த பழைய சீட்டை வேட் கழற்றி, குப்பை வண்டிக்காக வாசலில் போட்டிருக்கிறான். காப்பியோடு வந்த அவன் மனைவி லொரீன் அதைப் பார்த்து நிற்கிறாள். கறுப்பு ரெக்சினில் இடது ஓரம், ஸ்டியரிங் இருக்கும் பக்கம், ஒரு பள்ளம். அதை ஒட்டியே இன்னொரு பள்ளம். வலது ஓரம் மட்டும் பளபளவென்று மேடாக இருக்கிறது. அந்த நாளில் காதலிக்கிற பெண் கார் ஓட்டுகிறவனை ஒட்டி நகர்ந்து வந்து நடுவில்தான் உட்காருவாள். கதவோரம் உட்கார்ந்தால் இருவருக்கும் சண்டை என்று தெருவே பேசும். லொரீன் தன் பழைய இடமான இரண்டாவது பள்ளத்தில் மெல்ல உட்கார்கிறாள். ஸ்பிரிங் முனகுகிறது.

“அங்க என்ன பண்ற? புது சீட்ட வந்து பாரு. உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. நடுவுல காப்பி வைக்கக்கூட இடம் இருக்கு,” என்கிறான் வேட், காருக்குள்ளிருந்து.

“இந்தக் காப்பி ஆறுது. நீ இங்க வா.”

கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு வருகிறான். அவளுக்கு இடப்பக்கம் அவனுடைய பள்ளம் காலியாகக் கிடக்கிறது. அவன் கோப்பையை வாங்கிக்கொண்டு வலது ஓரத்தில் போய் உட்கார்கிறான்.

“இந்த ஓரம் இன்னும் கல்லு மாதிரி இருக்கே. யாரும் உக்காந்ததே இல்ல போல.”

“ஆமா,” என்கிறாள் லொரீன். அவள் கை இடப்பக்கப் பள்ளத்தின் மேல் கிடக்கிறது.